ராங்கியை அரங்கில் தாண்டவைத்த பல் டாக்டர்

குதிரைகளின் வயிற்றுவலி முதல் குதிரைக்காரர்களின் தலைவலி வரை அத்தனைக்கும் மருந்து வைத்திருக்கும், இந்த அவையின் தலைவர், கால்நடை மருத்துவர் ஐயா அவர்களே! கம்பு விழும் ஓசையைக் கண்ணை மூடிக்கொண்டே கணக்கில் எடுக்கும் நடுவர் பெருமக்களே! வேலிக்கு வெளியே நின்று, பிள்ளை தாண்டும்போதெல்லாம் தாமும் ஓரடி எம்பிக் குதிக்கும் தாய்மார்களே! சேணம் சுமந்து சுமந்தே ஒரு பக்கத் தோள் சாய்ந்துபோன தந்தைமார்களே! நாளைக் காலை குதிரையேறித் தடை தாண்டப்போவதை நினைத்து இன்று மாலையே நகம் கடிக்கும் என் நெஞ்சுக்கினிய வீரர்களே, வீராங்கனைகளே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்!

நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். என் குரல் கேட்டு இதுவரை யாரும் கைதட்டியதில்லை. கேட்ட மாத்திரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நீங்கள் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்தப் பெருமையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்!

இன்று நான் பேச வந்தது ஒரு வீரப் பெண்மணியைப் பற்றி. வாள் எடுத்தவள் அல்ல, பல் எடுத்தவள். என் உடன்பிறந்த அக்கா, பல் டாக்டர். இதோ இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து, "போதும், இறங்கு" என்று எனக்குக் கைஜாடை காட்டுகிறாளே, அவளேதான்! அக்கா, சும்மா இரு. நீ பல் பிடுங்கும்போது நான் குறுக்கே வந்தேனா?

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு அவளுக்கு ஓர் ஆசை வந்தது. வயதைத் தாண்டியது போதாது, குதிரைமேல் ஏறித் தடையையும் தாண்டவேண்டும் என்று. வாங்கினாள் ஒரு பெண்குதிரையை. நடையிலே நளினம், நிற்பதிலே நிமிர்வு, பார்வையிலே பரம அலட்சியம்! கேரட்டை நீட்டினால்கூட, "வைத்துவிட்டுப் போ" என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ராங்கி என்று பெயர் வைத்தோம். அது அதற்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் மைதானம். அங்கே அவர்கள் இருவரும் தாண்டிய அழகு இருக்கிறதே, அடடா! காலையிலே தாண்டினாள், கிளினிக் கிளம்பும் அவசரத்திலே தாண்டினாள், தூறலிலே தாண்டினாள், தும்மிக்கொண்டே தாண்டினாள்! இடுப்பு உயரக் கம்பை ஏதோ வாசற்படியைக் கடப்பதுபோல் கடந்தாள். "இவளை வெல்ல எவள் உண்டு?" என்று நாங்கள் மார்தட்டினோம்.

போட்டிக்குப் போனோம். மணி அடித்தது. என்ன ஆயிற்று தெரியுமா?

ஒன்றுமே ஆகவில்லை! அதுதான் ஆயிற்று! முதல் தடையின் முன்னால் ராங்கி நின்றது. சுற்றிக்கொண்டு வந்தாள், மறுபடியும் நின்றது. மூன்றாவது முறையும் நின்றது. மூன்று முறை நின்றால் ஆட்டம் முடிந்தது, மணி அடித்து வெளியே அனுப்பிவிட்டார்கள். அடுத்த போட்டியிலும் அதே தடை, அதே நிற்றல், அதே மணி. வீட்டில் இடுப்பு உயரம் தாண்டியவளை வெளியே அதே இடுப்பு உயரம் மறித்தது. அது எந்த ஊர் நியாயம்?

அன்று திரும்பி வந்தவள் லாயத்திலே, ராங்கியின் கழுத்தில் முகம் புதைத்து நின்றாள். தோள் குலுங்கியது. அருகில் போனேன்.

"குதிரைக்கு ஒண்ணுமில்லடி. நான்தான் அதைக் கெடுக்கறேன். இன்னும் ஒரே ஒரு போட்டி. அதுலயும் நின்னுட்டா, இதை நல்லா ஓட்டறவங்க கையில குடுத்துடறேன். எங்கிட்ட இருந்து வீணாப் போக வேண்டாம்."

சிரிக்கிறீர்களே முன்வரிசைக்காரர்களே, அன்று நான் சிரிக்கவில்லை. பெற்ற பிள்ளையைப் போல் பார்த்துக்கொண்ட ஒன்றை, அதன் நன்மைக்காகவே பிரியத் துணிந்து நின்றவளைப் பார்த்தபோது, தினமும் ஊருக்கே அறிவிப்புச் சொல்லும் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

வார்த்தை வந்தது எங்கள் பயிற்சியாளருக்கு. அக்காவைவிட வயதிலே மிகச் சிறியவள், பேச்சிலே மிகச் சிக்கனமானவள். மறுநாள் வந்தாள். மைதானத்தில் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும் சிவப்புக் கம்பை நாலடி தள்ளி வைத்தாள். அதன்மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டாள்.

"இப்பத் தாண்டுங்க, டாக்டர்."

"இதா? இதைத் தூக்கத்துலகூடத் தாண்டுவோம்!"

பாய்ந்து வந்தார்கள். போர்வையைப் பார்த்ததும் ராங்கி நின்றது. என் அக்கா நிற்கவில்லை. அவள் மட்டும் தாண்டினாள்! சுத்தமான தாண்டல், கம்பில் கால்கூடப் படவில்லை! மணலில் உட்கார்ந்தபடி, முடியில் ஒட்டிய மண்ணோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"டாக்டர், நீங்க வீட்ல தாண்டினது தடையை இல்ல, பழக்கத்தை. எந்தக் கம்பு எங்க இருக்குன்னு உங்களுக்கும் தெரியும், அதுக்கும் தெரியும். பயமே இல்லாத இடத்துல தைரியத்துக்கு என்ன வேலை?"

அவையோரே, அந்தக் கேள்வியை இன்னொரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். பயமே இல்லாத இடத்தில் தைரியத்துக்கு என்ன வேலை? கண்ணாடி முன்னால் பேசுகிறவனெல்லாம் பேச்சாளன் ஆகிவிட்டானா? குளியலறையில் பாடுகிறவளெல்லாம் கச்சேரி செய்துவிட்டாளா? அந்தப் பெண் சொன்ன வைத்தியம் எளிது. போட்டியைக் கொஞ்சம் வீட்டுக்குக் கூட்டி வா, வீட்டைக் கொஞ்சம் போட்டிக்குக் கூட்டிப் போ!

ஆரம்பித்தது ஐயா, எங்கள் வீட்டுத் திருவிளையாடல்! அக்காவின் கணவர் தையற்காரர். மாமா திரைச்சீலைகளை வெட்டிக் கொடி தைத்தார். எந்தத் திரைச்சீலை? கூடத்தில் தொங்கிய புதுத் திரைச்சீலை! அக்கா அலறிய அலறலில் ராங்கி முதல்முறையாக எங்களை மதித்துத் திரும்பிப் பார்த்தது. பிளாஸ்டிக் பூந்தொட்டிகள் வந்தன. கம்புகளுக்குப் பட்டை பட்டையாக வண்ணம் வந்தது. நாளுக்கொரு தடை இடம் மாறியது. கூட்டம் வேண்டுமே? அக்காவின் நோயாளிகளை அழைத்தோம்.

வந்தார்கள் பாருங்கள்! நாற்காலியில் தங்களை நடுங்கவைத்த டாக்டர் தாமே நடுங்குவதைக் காண யாருக்குத்தான் ஆசை இருக்காது? பல் கட்டியவர் வந்தார், பல் கொட்டியவர் வந்தார். கன்னம் வீங்கிய கணக்காளர், கையில் ஐஸ் கட்டியை வைத்து அழுத்திக்கொண்டே வந்தார். குடை விரித்தார்கள், தகரம் தட்டினார்கள். நான் ஒலிபெருக்கியை எடுத்தேன். "அன்பார்ந்த பயணிகளின் கவனத்திற்கு, ராங்கி முதல் தடைக்கு வந்துகொண்டிருக்கிறது..." பழக்கதோஷம்! அது வராமல் நின்றபோது, "தாமதத்திற்கு வருந்துகிறோம்!" என்றும் சொல்லிவிட்டேன்.

அக்கா கடிவாளத்தை இறுகப் பிடித்து, மூச்சையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது கணக்காளர், வீங்கிய கன்னத்தோடு எழுந்து கத்தினார்.

"டாக்டர்! வலிக்கவே வலிக்காது! கையை லூசா விடுங்க! மூச்சை நல்லா இழுத்து விடுங்க!"

நாள்தோறும் அவள் அவர்களுக்குச் சொல்வது! மைதானமே வெடித்துச் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். சிரித்தால் மூச்சைப் பிடிக்க முடியுமா? பிடித்த மூச்சு விட்டது, இறுகிய கை தளர்ந்தது, ராங்கி தாண்டியது!

பிறகு, போட்டி நடக்கும் மைதானங்களுக்கு ராங்கியைச் சும்மா கூட்டிப்போனோம். தாண்ட அல்ல, புல் மேய. மணி அடித்தாலும் மேய்ந்தது, கூட்டம் கத்தினாலும் மேய்ந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தாள். முதலில் மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து நின்றாள். போகப் போக, பக்கத்தில் இருந்தவர்களின் பல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

வந்தது அந்தக் கடைசிப் போட்டி. வீட்டில் தாண்டுவதைவிடத் தாழ்ந்த உயரத்தில் பயிற்சியாளர் பெயர் கொடுத்திருந்தாள். அக்காவுக்கு ரோஷம்.

"இவ்ளோ சின்னதா? பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும், டாக்டர். உயரத்தை வீட்ல வெச்சுக்கலாம். இங்க தைரியத்தை மட்டும் பாப்போம்."

மணி அடித்தது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன். மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டார். முதல் தடை. மஞ்சள் பூந்தொட்டி. நாங்கள் வீட்டில் வைத்ததெல்லாம் சிவப்பு! ராங்கியின் காதுகள் விறைத்தன. கால்கள் தயங்கின. நின்றது!

கூட்டம் "உச்" கொட்டியது. மாமா கண்ணை மூடிக்கொண்டார். லாயத்தில் குலுங்கிய அந்தத் தோள்கள் என் கண்முன் வந்தன. ஆனால் அவையோரே, என் அக்கா அன்று மூச்சை விட்டாள்! வேலிக்கு இந்தப்புறம் கேட்கும்படி, கொல்லன் துருத்தி ஊதுவதுபோல் விட்டாள். கையைத் தளர்த்தினாள். ராங்கியின் கழுத்தில் தட்டினாள். பதற்றத்திலே சொன்னாள்.

"ஒண்ணுமில்லடா கண்ணு, பயப்படாத. ஆ காட்டு!"

ஆ காட்டச் சொன்னாள்! குதிரையை! வேலியோரம் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். சுற்றி வந்தாள். மீண்டும் அதே மஞ்சள் பூந்தொட்டி. ராங்கி பார்த்தது, யோசித்தது, எழும்பியது! ஐயா, அந்தத் தாண்டல்! முழங்கால் உயரத் தடைக்கு மூன்றாள் உயரம் எழும்பியது! வீட்டுத் துணிவு வீதிக்கு வந்தது! விட்டுப்போன நம்பிக்கை விண்ணுக்கே எழுந்தது! மாமா கண்ணைத் திறப்பதற்குள் இரண்டாவது தடையும் போயிற்று. மூன்றாவதில் ஒரு கம்பு உருண்டது. உருளட்டுமே! நாலு, அஞ்சு என்று போய்க்கொண்டே இருந்தாள். நேரம் தவறிவிட்டது. தவறட்டுமே! என் ரயில் தவறாத நேரமா?

கடைசித் தடையையும் தாண்டினாள். மதிப்பெண் பட்டியலில் அன்று அவளுக்குத்தான் கடைசி இடம். கைதட்டினோம், கத்தினோம், மாமா தொப்பியைத் தூக்கி எறிந்தார், அது இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் அக்கா வெளியே வரவில்லை. அரங்கை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். பிறகு இன்னொன்று. நடுவர் அம்மா மைக்கில் சொன்னார்.

"டாக்டர், உங்க சுத்து முடிஞ்சாச்சு. வெளிய வரலாம்."

முதல் தடையைக்கூடத் தாண்டமுடியாமல், மணி அடித்து அனுப்பப்பட்ட என் அக்கா, குதிரைமேல் நிமிர்ந்து உட்கார்ந்து, அத்தனை கூட்டத்துக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை தாண்டிக்கட்டுமா?"

நாளை தாண்டப்போகும் என் செல்வங்களே! கம்பு விழும், காலம் தவறும், குதிரை நிற்கும், நீங்களேகூட மணலில் உட்காருவீர்கள். எதனாலும் குடிமுழுகிப்போகாது. வெளியே வரும்போது உங்கள் நாவில் அந்த ஒரு கேள்வி இருந்தால், நீங்கள் வென்றுவிட்டீர்கள்!

பொறுமையோடு கேட்ட பெருமக்களுக்கும், ஒலிபெருக்கியை என் கையில் தரத் துணிந்த விழாக் குழுவினருக்கும், இரண்டாம் வரிசையிலிருந்து எழுந்து மேடையை நோக்கி வந்துகொண்டிருக்கும் என் அக்காவுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. அவள் வந்து சேர்வதற்குள் இறங்கிவிடுகிறேன். வணக்கம், வணக்கம், வணக்கம்!