ஒருவர் இழுத்தால் தோல் கிழியும்

தலைமை நாற்காலியை நிறைத்து அமர்ந்திருக்கும் குடியிருப்புச் சங்கத் தலைவர் அவர்களே, அவர் அருகே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே, மடியில் பிள்ளையும் கையில் பால்புட்டியுமாய் வந்திருக்கும் தாய்மார்களே, ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டும் மின்பணியாளரே, மூன்றாம் வரிசையில் மனைவியோடு அமர்ந்திருக்கும் என் கணவரின் அண்ணன் அவர்களே, கதவோரம் வண்டிச் சாவியோடு நிற்கும் என் கொழுந்தனார் அவர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

வராதவர்களையும் சொல்லிவிடுகிறேன், வரவை மட்டும் எழுதி வைப்பது என் வழக்கமல்ல. என் கணவர் கப்பல் வேலையில், கடலில் இருக்கிறார். பக்கவாதத்தில் விழுந்த என் மாமனார் இரண்டாம் மாடியில், படுக்கையில் இருக்கிறார். எதிர்வீட்டுத் தையல்கார அக்கா தம் இடுப்புவலியோடு அவருக்குத் துணையிருக்கிறார்.

‘இந்த ஆண்டின் குடும்பத்தூண்’ என்று எனக்குக் கேடயம் தந்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி. தூணில் ஒரு வசதி உண்டு. அதனிடம் யாரும் வலிக்கிறதா என்று கேட்க வேண்டியதில்லை. குடும்பத்தைத் தாங்குவது பற்றிப் பேசுங்கள் என்றார் செயலாளர். எனக்கு அவ்வளவு ஞானம் கிடையாது. எனக்குத் தெரிந்தது தோல். அதைப் பற்றிப் பேசுகிறேன்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரிக்கும்போது கன்னத்துத் தோல் இழுபடுகிறதே, கிழிகிறதா? கிழியவில்லையே, ஏன்? பசை போட்டு ஒட்டினார்களா? நூல் கோத்துத் தைத்தார்களா?

பள்ளியைப் பாதியில் விட்டவள் நான். மாமா கண்ணயரும் நேரத்தில் நூலகப் புத்தகங்களைப் புரட்டிக் கற்றது இது. தோலின் செல்கள் செங்கல் போல வெறுமனே அடுக்கி வைத்தவை அல்ல, கைகோத்து நிற்பவை. ஒவ்வொரு செல்லும் பக்கத்துச் செல்லைப் பற்றியிருக்கிறது. பற்றிய இடத்தை, தன் உள்ளிருக்கும் இழைகளோடு கட்டி வைத்திருக்கிறது. அந்தப் பிடியின் அடியில் ஒரு புரதம் மடங்கிக் கிடக்கிறது. இழுவை வந்தால் அது விரிகிறது. விரிந்ததும், மறைந்திருந்த ஓர் இடம் வெளியே தெரிகிறது. வின்குலின் என்று இன்னொரு புரதம் வந்து அந்த இடத்தைப் பற்றுகிறது. மேலும் சில இழைகளைச் சேர்த்துக் கட்டுகிறது. பிடி இறுகுகிறது. பாரம் ஒரு செல்லோடு நிற்காமல் அடுத்ததற்கும், அதற்கடுத்ததற்கும் பரவுகிறது.

கவனியுங்கள் பெரியோர்களே. இழுவை வந்தால் இறுக்கிப் பிடிக்கிறது. கைபேசியை அணைத்து வைப்பதில்லை. பாரம் வந்தால் பங்கு கேட்கிறது, பாராட்டிவிட்டுப் படியிறங்குவதில்லை. ஒரு செல் இன்னொரு செல்லுக்குக் கேடயம் வழங்கியதாக எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்குள் கடவுள் இத்தனை பொறுப்பை வைத்திருக்கிறார். ஆறடி வளர்ந்த பிறகு அந்தப் பொறுப்பு எங்கே போகிறது என்று தினமும் பிரார்த்தனையில் கேட்கிறேன். அவருக்கும் அது புரியவில்லை போலும்.

ஆனால் எந்தப் பிடிக்கும் ஓர் எல்லை உண்டு. மாமா தலையணையிலிருந்து நழுவி நழுவிக் கால்மாட்டுக்கு வந்துவிடுவார். பக்கவாட்டில் சாய்க்க நான் ஒருத்தி போதும். மேலே ஏற்ற? விரிப்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுப்பேன். அதைத் திறமை என்று நினைத்திருந்தேன். போன வாரம் அவருடைய படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போட வந்த செவிலியர், முதுகின் அடியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“இவரைத் தூக்குறீங்களா, இழுக்குறீங்களா?”

“தனியா எப்படிம்மா தூக்குறது?”

“இழுத்தா மேல்தோல் துணியோட ஒட்டிக்கிட்டு நிக்கும், உள்ள எலும்பு நகரும். நடுவுல இருக்கிறது எவ்வளவுதான் தாங்கும்? இன்னொரு தடவை கிழிஞ்சா புண்ணு எலும்பைத் தொட்டுரும். அப்புறம் ஆஸ்பத்திரிதான். இந்த வயசுல திரும்பி வருவாருன்னு நான் சொல்ல மாட்டேன். ரெண்டு பக்கமும் ஆள் நின்னு தூக்கணும்.”

அன்றே என் கணவரின் அண்ணன், தம்பி இரண்டு பேருக்கும் போன் செய்தேன். அடுத்த கட்டடத்தில் இருக்கும் மூத்தவர் நெகிழ்ந்துவிட்டார். “உன் கை பட்டாத்தாம்மா அப்பாவுக்கு நிம்மதி. எங்களுக்கெல்லாம் அந்தப் பொறுமை வருமா?” என்றார். பக்கத்துத் தெருவில் இருக்கும் இளையவரோ செயல்வீரர். நோயாளியை ஒற்றை ஆளாகக் கையாள்வது எப்படி என்று ஒரு வீடியோ அனுப்பி வைத்தார். அதில் படுத்திருந்தது பொம்மை.

மாமாவுக்குப் பேச்சு குழறும்; காது மட்டும் கூர்மை. மூத்த பிள்ளை பேசியதைக் கேட்டுவிட்டு மெல்லச் சொன்னார்: “அவன் வாயாலயே தூக்கிடுவான்மா.”

கைதட்ட வேண்டாம். வேண்டாம் என்கிறேன். கைகளுக்கு வேறு வேலை இருக்கிறது. அத்தான், தலையைக் குனிய வேண்டாம். தம்பி, கதவைத் திறக்க வேண்டாம். உங்களை அவமானப்படுத்த நான் மேடையேறவில்லை. போனில் கேட்டால் புகழ்கிறீர்கள். அதனால் ஒலிபெருக்கியில் கேட்கிறேன். பிடிப்பது ஒருவர் என்றால் பெற்றவர் கிழிகிறார். பிடிப்பது இருவர் என்றால் அவர் தம் வீட்டில், தம் கட்டிலில், தம் பிள்ளைகள் முகம் பார்த்து இருப்பார். தாங்குவது தூணின் வேலையாக இருக்கலாம். தோலின் வேலை பகிர்வது. நாம் கல்லால் ஆனவர்களா, தோலால் ஆனவர்களா?

பொறுமையோடு செவிமடுத்த சபைக்கு நன்றி. மேடை தந்த தலைவருக்கு நன்றி. தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

அத்தான், தம்பி, மாமாவைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை மேலே ஏற்ற வேண்டும். காலையில் யார் வருகிறீர்கள், மாலையில் யார் வருகிறீர்கள்? வீட்டுக்குப் போவதற்குள் சொல்லிவிடுங்கள்.