இரண்டால் பெருக்கிய மூச்சு

— ஷட்டரை உடைச்சுடாதேப்பா, திறக்கறேன். ஆஸ்பத்திரி ஸ்டோர்ரூம் இது, மேல வார்டுல ஆளுங்க மூச்சுக்குப் போராடிட்டிருக்காங்க. யாரது?

— நான்தான் மாமா.

— நீயா? மண்டல ஆபீஸ் மேடம் நேர்ல வர்றதுன்னா ஒரு போன் பண்ணிட்டு வரக்கூடாதா? அக்கா புருஷன்தானேன்னு ஒரு அலட்சியம்.

— போன்லதான் தகராறு பண்ணிட்டீங்களே. பெரிய ஆஸ்பத்திரி நிரம்பிடுச்சு, ஆறு நோயாளிங்களை உங்க ஊருக்கு அனுப்பறோம்னு என் ஆளு சொன்னா, முடியாதுன்னு கட் பண்ணிட்டீங்களாம். டாக்டரே சொல்லாத வார்த்தையை ஸ்டோர்காரர் சொல்லலாமா?

— டாக்டர் படுக்கையை எண்ணுவாரு. படுக்கை இருக்கு. நான் சிலிண்டரை எண்ணறவன். ஆக்சிஜன் இல்லை.

— இருக்கு.

— எங்கே?

— அதைத் தேடத்தான் வந்தேன். கொஞ்சம் தள்ளுங்க.

— பாரு, தாராளமா பாரு. மாடிப்படிக்குக் கீழே ரெண்டு துடைப்பம் இருக்கு. மண்டலத்துக்கு வேணும்னா அதையும் எடுத்துட்டுப் போ.

— சலவை ரூம் சாவி?

— திறந்துதான் கிடக்கு.

— போன தொற்று அலையில இங்கேதானே வச்சிருந்தீங்க. சிலிண்டரை எல்லாம் வரிசையா படுக்க வச்சு, கழுத்து வரைக்கும் போர்வை போர்த்தி. நான் யாரோ நோயாளிங்கன்னு நினைச்சு, சாரின்னு சொல்லிட்டு வெளியே வந்தேன்.

— அதை உங்க அக்கா இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறா.

— எனக்குச் சிரிப்பு வரலை மாமா. வண்டிங்க கிளம்பியாச்சு. வந்து வாசல்ல நின்னதுக்கப்புறம் தேட முடியாது. எங்கே ஒளிச்சிருக்கீங்கன்னு நீங்களே சொல்லிடுங்க.

— ஒளிக்கலை.

— மாமா.

— உங்க அக்கா மேல சத்தியமா ஒளிக்கலை. காலையில உங்க ஆபீஸுக்கு இருபதுன்னு சொன்னேன், இருபதுதான் இருக்கு. நாளைக்கு லாரி வர்ற வரைக்கும் மேல இருக்கறவங்களுக்கு அதை இழுத்துப் பிடிச்சுக் கொடுக்கணும். இன்னும் ஆறு பேர் வந்தா விடியறதுக்குள்ள தீர்ந்துடும். வந்தவங்களுக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும்.

— இருபதுன்னு நீங்க சொன்னதாலதான் நாற்பதுன்னு போட்டேன்.

— என்ன போட்டே?

— நாற்பது.

— இருபது எப்படிம்மா நாற்பதாச்சு? வர்ற வழியில குட்டி போட்டுச்சா?

— வெளியே சொல்றதில்லை. எங்க ஆபீஸ் வழக்கம் அது. எல்லா ஊரும் இருக்கறதுல பாதிதான் சொல்றீங்க. உள்ளதைச் சொன்னா மிச்சத்தை நாங்க அள்ளிட்டுப் போயிடுவோம்னு பயம். அதனால வர்ற கணக்கை ரெண்டால பெருக்கிக்குவோம். போன அலை முழுக்க அப்படித்தான் ஓட்டினோம். ஒரு தடவைகூடத் தப்பலை.

— எப்படித் தப்பும்? அவ்வளவு நாணயமா பொய் சொல்லியிருக்கோம் நாங்க.

— இப்போ மட்டும் ஏன் மாத்தினீங்க?

— நல்லா கேக்கறே போ. எல்லா ஸ்டோர்காரங்களையும் கூட்டம் போட்டு உட்கார வச்சு, கும்பிடாத குறையா நீதானே கேட்டுக்கிட்டே? உள்ளதைச் சொல்லுங்க, யார்கிட்டேயும் பிடுங்க மாட்டோம், உங்களை நம்பித்தான் வண்டி அனுப்பப் போறோம்னு.

— மேலிடத்துல பேசச் சொன்னாங்க, பேசினேன். யாராவது காதுல வாங்குவாங்கன்னு நான் நினைக்கவே இல்லை.

— அதையும் மைக்கிலேயே சொல்லியிருக்கலாம்.

— குத்திக் காட்டாதீங்க. இந்த மூலையில இருக்கறதெல்லாம்?

— காலி. தட்டிப் பாரு.

— ம். மணி மாதிரி கேக்குது. பின்னாடி நிக்கிற உடைஞ்ச ஆம்புலன்ஸ்ல?

— உள்ளே ஒரு பாய் இருக்கும், தலையணை இருக்கும். மத்தியானம் நான் கண் அசர்ற இடம். அதையும் மேலிடத்துக்குச் சொல்லிடு, திருப்தியா இருக்கும்.

— விளையாடாதீங்க மாமா. நான் உங்களை நம்பி வண்டியைத் திருப்பிட்டு, நாளைக்கு எங்கேயாவது போர்வைக்குள்ள நாலு சிலிண்டர் கிடைச்சா, என் வேலை போறது இருக்கட்டும், அந்த ஆறு பேர் வீட்டுக்காரங்க முகத்துல எப்படி முழிப்பேன்?

— நம்பாம இங்கே கொண்டு வந்து இறக்கினா மேல இருக்கறவங்க வீட்டுக்காரங்க முகத்துல நான் முழிக்கணும். அவங்க எல்லாம் வெளியேதான் மரத்தடியில உட்கார்ந்திருக்காங்க. வரும்போது பார்த்திருப்பே.

— அக்கா இந்த வார்டுல படுத்திருந்தாலும் இதேதான் சொல்வீங்களா?

— அவ படுத்திருந்தா ஒளிச்சுத்தான் வச்சிருப்பேன். நீ கேட்டா, இல்லைன்னு உன் தலையில அடிச்சுச் சத்தியமும் பண்ணியிருப்பேன்.

— அக்கா இப்போ எங்கே?

— வீட்டுல. உனக்கு ரெண்டு தடவை போன் பண்ணினாளாம், நீ எடுக்கலையாம். பெரிய ஆபீசர் ஆயிட்டான்னு பொருமிட்டிருக்கா.

— அவகிட்ட அப்புறம் பேசிக்கறேன். முதல்ல என் ஆபீஸ் பையனுக்குப் போனைப் போடறேன்.

— பேசு. தொண்டை வறண்டு கிடக்கு உனக்கு. நான் வெளியே போய்க் குடிக்கத் தண்ணி பிடிச்சுட்டு வர்றேன்.

— ஹலோ, தம்பி, நான்தான். வண்டிங்க எங்கே வந்திருக்கு? கிளைச் சாலைகிட்டயா? நல்லதாப் போச்சு, அங்கேயே திருப்பிடு. ஆமா, ஆறையும். இங்கே சிலிண்டர் இல்லை. இல்லைப்பா, என் கண்ணால பார்த்துட்டேன், அவர் சொன்னது நிஜம்தான். அடுத்தது எதுன்னு அட்டவணையில பாரு. ம். அங்கேயே அனுப்பு. எல்லாரும் திரும்பினதும் எனக்கு ஒரு கால் கொடு.

— இந்தா, மெதுவா குடி. என்ன ஆச்சு?

— திருப்பிட்டேன். இருங்க, அவன்தான் கூப்பிடறான். ம், சொல்லு. ஆறுமேவா? சரி, வை. எல்லா வண்டியும் திரும்பி, ஏறவே ஆரம்பிச்சுடுச்சாம்.

— இப்போதான் எனக்கு உயிரே வந்துச்சு. உன்னைக் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதே.

— நான்தான் மாமா சாரி சொல்லணும். இந்தத் தடவை நிஜ ஆளுக்கே சொல்றேன். உங்க கணக்கை இனிமே பெருக்க மாட்டேன்.

— மத்தவங்க கணக்கை?

— அது வழக்கம் போலதான். ஒருத்தர் திருந்தினா ஊரே திருந்தினதா ஆயிடுமா?

— ஏறுதுன்னு சொன்னியே, எங்கே ஏறுது?

— மலை ஆஸ்பத்திரிக்கு. பன்னிரண்டு இருக்குன்னு காலையில சொல்லியிருக்காங்க. அப்போ இருபத்துநாலு. அங்கே படுத்திருக்கறவங்களுக்குப் போக, ஆறு பேருக்குத் தாராளமா வரும்.

— திரும்பக் கூப்பிடு.

— எப்படிக் கூப்பிடறது? மலைப்பாதையில நுழைஞ்சுட்டா மேலே போய்ச் சேர்ற வரைக்கும் சிக்னலே கிடையாது. ஏன் மாமா? எதுக்கு இப்படித் தரையில உட்கார்ந்துட்டீங்க?

— நீ மைக்குல பேசினதுக்காக நான் மாறலைம்மா. கூட்டம் முடிஞ்சு வெளியே வந்தப்போ மலை ஆஸ்பத்திரி ஸ்டோர்காரர்தான் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, இனிமே நாம ரெண்டு பேராவது உள்ளதை உள்ளபடி சொல்லிடுவோம்னு கேட்டுக்கிட்டாரு.