ஒப்புதலுக்காக நின்ற பதிவு

கட்டைவிரலை நம்பக் கூடாது என்பதுதான் இந்த வேலையில் நான் கற்றது. மனசு ஒன்று நினைக்கும், விரல் வேறொன்றை அமுக்கிவிடும். வீட்டுக்காரிக்கு அனுப்பவேண்டியதை மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டு நீங்களும் ஒரு தடவையாவது வியர்த்திருப்பீர்கள்.

எங்கள் கம்பெனி கேஸில் ஓடும் வெந்நீர் ஹீட்டர் செய்கிறது. அதன் சமூக ஊடகப் பக்கங்கள் என் பொறுப்பு. எனக்கு உதவியாக ஒரு பெண் இருந்தாள். ஒருநாள் சொந்தக் கணக்கு என்று நினைத்துக்கொண்டு கம்பெனிப் பக்கத்தில், "எங்க மாமியார் வாயைத் திறந்தா போதும், வீடே சூடாயிடும்" என்று போட்டுவிட்டாள். ஜனங்கள் புது விளம்பரம் என்று ரசித்தார்கள். முதலாளி ரசிக்கவில்லை. ஆபீஸில் அவளுக்கு 'மாமியார்' என்றே பெயர் வந்துவிட்டது. அவளை வேலையைவிட்டு எடுக்கவிருந்தார்கள். நான்தான் கெஞ்சிக் கூத்தாடித் தடுத்தேன். அதற்குப் பிறகு என்னை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

விதிகளை எழுதியதும் நான்தான். கம்பெனிப் பக்கங்களுக்கு ஆளுக்கொரு தனி போன். சொந்தக் கணக்கு அதில் இருக்கவே கூடாது. ஒருவர் எழுதினால் இன்னொருவர் படித்து ஒப்புதல் தரவேண்டும். அதுவரை பதிவு வெளியே போகாது. கேள்வி கேட்கிறவர்களுக்குச் சொந்தமாக ஒரு வார்த்தையும் எழுதக் கூடாது, தயாராக வைத்திருக்கும் பதிலைத்தான் போடவேண்டும். அதன்பின் ஒரு பிசகும் நடக்கவில்லை. ஆனால் தப்பு நடக்காமல் பார்த்துக்கொள்கிற வேலையை யார் கண்ணும் பார்ப்பதில்லை. லீவு நாளிலும் அந்த போன் என் தலைமாட்டில்தான் கிடக்கும். அது அதிரும்போதெல்லாம் என் பல் கூசும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் சாய்ந்தேன். எங்கள் சர்வீஸ் மெக்கானிக் கூப்பிட்டார்.

"சார், புது மாடல்ல புகை வெளிய போற வழி அடைச்சுக்குது. இன்னிக்குப் பார்த்த வீடு எல்லாத்துலயும் அப்படித்தான். ஜன்னலைச் சாத்திட்டுக் குளிச்சா ஆளு மயங்கிடும். பெரியவங்க யாரும் போன் எடுக்கல. நம்ம பக்கத்துல உடனே போட்டுடுங்க."

நல்ல மனிதர். யாரும் சொல்லாமலே நினைத்துப் பார்த்திருக்கிறார். நான் எழுந்து உட்கார்ந்து, புது மாடலை யாரும் உபயோகிக்க வேண்டாம் என்று தெளிவாக எழுதினேன்.

"யாரு போன்ல?" என்று அடுக்களையிலிருந்து மனைவி கேட்டாள்.

"ஆபீஸ்."

"இன்னிக்குமா?"

கொஞ்ச நேரம் கழித்து மெக்கானிக் மறுபடியும் கூப்பிட்டார். "போட்டாச்சா சார்?"

"ஒப்புதலுக்காக நிக்குது."

இடையில் எங்கள் பக்கத்தில் ஒரு தாய் கேட்டிருந்தாள்: "குளிச்சிட்டு வந்தா பிள்ளை தலை சுத்துதுங்கிறான். ஹீட்டரா இருக்குமா?" விதிப்படி அவளுக்குப் பதில் போட்டேன்: 'தங்கள் கருத்துக்கு நன்றி. விரைவில் தொடர்புகொள்கிறோம்.' அவள் அதற்கு ஒரு இதயப் படம் போட்டாள்.

அன்று சாயங்காலம் பிள்ளையைக் குளிப்பாட்டப் போனவள் வெளியே வரவில்லை. அவள் கணவர் கதவை உடைத்துப் பார்த்தபோது இருவருமே போய்விட்டிருந்தார்கள்.

மறுநாள் கம்பெனியில் விசாரித்தார்கள். பதிவை எழுதி என் உதவிப் பெண்ணுக்கு அனுப்பிவிட்டேன், அவள்தான் பார்க்கவில்லை என்றேன். யாரும் சரிபார்க்கவில்லை, அவர்களுக்கும் கைகாட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. அவள் தன் போனைத் திரும்பத் திரும்பத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு, "வந்திருக்கும் அண்ணா. நான்தான் கவனிக்காம எதையாவது அமுக்கித் தள்ளிவிட்டிருப்பேன். என் கைதான் உங்களுக்குத் தெரியுமே" என்று அழுதாள். ஏற்கெனவே ஒருமுறை தவறியவள், தன் கையைத்தானே முதலில் சந்தேகிப்பாள். நான் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். அது பொய்யில்லை, நிஜமாகவே பாவமாக இருந்தது. அன்றைக்கே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது நீங்கள் அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்து வெளியே பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறீர்கள்.

அவளை விட்டுவிடுங்கள். நான் அதை அவளுக்கு அனுப்பவே இல்லை.

அனுப்பியிருந்தால் அடுத்த நிமிஷமே ஒப்புதல் தந்திருப்பாள். பதிவு வெளியே போயிருக்கும். பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என்ன மாடல், யார் வந்து சரிசெய்வார்கள், எப்போது வருவார்கள் என்று ஊரே கேட்கும். போன் அதிர்ந்துகொண்டே இருக்கும். பொழுது சாயும்வரை எல்லாருக்கும் நான்தான் பதில் சொல்லவேண்டும். திங்கட்கிழமை காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அந்தத் தாய்க்குப் பதில் போட்டதுகூட, மறுபடி கேட்டு அவள் என்னை எழுப்பாமல் இருக்கத்தான்.

வேறு காரணம் இருந்தால் சொல்லியிருப்பேன். களைப்பாக இருந்தது. படுத்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.