கழுவிய எக்ஸ்ரே

ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பிய பஸ் காவிரிப் பாலத்தில் நகராமல் நின்றது. என் முன் சீட்டில் ஒரு அக்காவும் தம்பியும். தம்பியின் விரல் நகங்களில் பெயிண்ட்.

"அப்பாவோட எக்ஸ்ரேயைக் கழுவிட்டேன்க்கா."

"கழுவுறதுக்கு அது என்ன பாத்திரமா?"

"வெந்நீர்ல வாஷிங் சோடா போட்டு ஊற வச்சா கறுப்பெல்லாம் போயி கண்ணாடி மாதிரி ஆயிடும். நான் எடுக்குற கார்ட்டூன் படத்துக்கு ஒவ்வொரு அசைவையும் அதுலதான் வரையறேன். ஆஸ்பத்திரியில வேண்டாம்னு குடுத்த பழைய எக்ஸ்ரே கட்டோட அதுவும் கலந்துடுச்சு."

"அடப்பாவி. நெஞ்சுல அந்தப் புள்ளி பெருசாயிருக்கான்னு பாக்க, டாக்டர் பழைய படத்தை எடுத்துட்டு வரச் சொன்னாரே."

"இப்பதான் ஞாபகம் வருது."

பஸ் ஊர்ந்தது.

"அதுல என்ன வரைஞ்சிருக்க?"

"கொக்கு. றெக்கையைத் தூக்குற மாதிரி."

"படத்துல அது எவ்வளவு நேரம் தெரியும்?"

"அந்த ஒரு ஷீட்டா? கண்ணு சிமிட்டினா போயிடும்."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"காலையில சொன்னேன். இருமி முடிச்சுட்டு, இந்தப் படமாவது எங்கயாவது ஓடுமாடான்னு கேட்டாரு."

"ஓடுமா?"

"நாலு நிமிஷப் படத்தை எந்தத் தியேட்டர்லக்கா போடுவாங்க?"