நிலபாவாடை

— ரெண்டு முழம் எண்டாலும் காணி காணிதான். ஏரோப்பிளேன் ஓட்டத் தெரியாமல் செத்தவனுக்கு நினைவுக்கல்லு நட இந்த முருகேசு காணி விடமாட்டான். சிவக்கொழுந்து, உவவுக்கு ஒரு தேத்தண்ணியைக் குடுத்து அனுப்பு.

— இஞ்சருங்கோ, வீடு தேடி வந்த மனிசியோடை உப்பிடியே கதைக்கிறது? நீங்கள் இருங்கோ தங்கச்சி. ஹன்னா எண்டுதானே சொன்னனீங்கள்?

— ஓம் அக்கா, ஊர் உடுப்பிட்டி. செத்தது என்ரை மூத்த அண்ணை, நதானியேல். விமானப்படையிலை ஓட்டப் பழகிக்கொண்டிருந்தவர். நான் அப்ப பள்ளிக்கூடப் பிள்ளை. அண்ணை விழுந்த இடத்தை இண்டைக்குத்தான் காணுறன். முந்தி அம்மா விடேல்லை, பேந்து சண்டை, பேந்து மகனோடை வெளிநாடு. சின்னக் கல்லுத்தான் ஐயா. பேரும் ஒரு வசனமும்.

— என்ன வசனம்? இறங்க இடம் தெரியாமல் இஞ்சை விழுந்தான் எண்டோ?

— இஞ்சருங்கோ.

— பறவாயில்லை அக்கா. விசாரிச்சவையும் அதைத்தான் எழுதினவை. எஞ்சின் நிண்டது உண்மை, ஆனால் இவ்வளவு வெளி கிடக்க ஒரு வீட்டு மதிலுக்கு நேரை ஏன் போனவர், அது ஓட்டினவரின்ரை பிழை எண்டு. அதை வாசிச்ச நாளிலை இருந்து அப்பா அண்ணையின்ரை பேரைச் சொல்லேல்லை. கோயிலிலை செத்தவைக்காகச் செபிக்கேக்கையும் வாய் திறக்கமாட்டார்.

— கேட்டியே சிவக்கொழுந்து? படிச்ச ஆக்களே எழுதி வச்சிருக்கினம். காகத்துக்குத் தெரியும் எங்கை குந்துறதெண்டு. பொங்கலுக்குப் பட்டம் விடுற பெடியள் உவனிலும் திறம். மொக்கன். சரியான மொக்கன்.

— செத்த பிள்ளையை அவன் இவன் எண்டு சொல்லாதையுங்கோ. தங்கச்சி, நீங்கள் ஒண்டும் யோசியாதையுங்கோ. காணி என்ரை சீதனம்.

— சீதனம் எண்டாலும் புருசன் ஒப்பம் வைக்காமல் ஒரு பிடி மண் அசையாது. எங்கடை சட்டம் அது. உனக்கென்ன, உவன் குழப்பினது என்ரை கலியாணத்தை.

— எனக்கு அண்டைக்குக் கலியாணம் இல்லையோ? நான் என்ன பந்தி பரிமாற நிண்டனானோ?

— ஐயா, நீங்கள் கண்ணாலை கண்டனீங்களோ?

— காணாமல்? நான் மாப்பிள்ளை. றோட்டிலை காரை விட்டு ஒரு காலை வெளியிலை வச்சிட்டன். மேளகாரன் வாசிக்கத் தொடங்கிட்டான். மேலை ஒரு சத்தமில்லாமல் வந்தான் பாருங்கோ, பருந்து மாதிரி. தை மாசம், அரிவி வெட்டி முடிச்ச வயல். கண்ணுக்கெட்டின மட்டும் வெறும் தரை. அங்காலை இறங்கலாம், இஞ்சாலை இறங்கலாம். உந்த மொக்கன் என்ன செய்தான்? ஒரு சுத்துச் சுத்தி, றோட்டுப் பக்கத்தாலை வந்து, நான் நடந்து போக விரிச்ச துணி, நிலபாவாடை, அதுக்குப் பக்கத்திலை, ஒட்டி, நேரை போனான். மாப்பிள்ளை நானோ அவனோ எண்டு எனக்கே ஐமிச்சம் வந்திட்டுது. அப்பிடியே போய் மாமாவின்ரை மதிலிலை அடிச்சான்.

— தங்கச்சி, ஓடிப்போய்த் தூக்கினது என்ரை அப்பாவும் மேளகாரரும். இவர் கார்க்கதவைப் பிடிச்சபடி நிண்டவர். அந்தத் துணியிலை ஒரு துண்டைக் கிழிச்சுத்தான் அப்பா உங்கடை அண்ணையைப் போர்த்தினவர்.

— என்ரை நிலபாவாடை. ஒரு அடி நான் மிதிக்கேல்லை. முகூர்த்தமும் போச்சு. பேந்து ஆவணியிலைதான் தாலி கட்டினனான், பழைய துணியிலை நடந்து. இந்தப் பண்டத்தரிப்பு ஊர் முழுக்கச் சிரிச்சது.

— வயலுக்குள்ளையே நிலபாவாடை விரிச்சது?

— அப்ப வீட்டுக்குக் கார் வர ஒழுங்கை இல்லை. வெட்டின அடிக்கட்டை காலிலை குத்தும். மாமா மதில் படலையிலை இருந்து வீட்டு வாசல் மட்டும் விரிச்சாக் காணும் எண்டார். நான் சொல்லி அனுப்பினன், றோட்டிலை இருந்து விரிச்சால் வாறன், இல்லாட்டி எங்கடை ஊர் இணுவிலிலையே நிக்கிறன் எண்டு. துணி வெளுக்கிற அயலூர்க் கட்டாடிமாரிட்டையும் வாங்கி விரிச்சவர். வெளுத்த வெளுப்பு, வெய்யிலுக்குக் கண் கூசும். இந்தப் பக்கத்திலை எந்த மாப்பிள்ளைக்கு அப்பிடி நடந்தது?

— ஆருக்கும் நடக்கேல்லை. கேக்க ஆருக்கும் வெக்கமாய் இருந்திருக்கும்.

— நீ சும்மா இரு. அது மட்டுமே? படலையடியிலை தோழன் எனக்குக் கால் கழுவ வேணும். அந்த இடத்திலை மண் படக்கூடாதெண்டு குறுக்கே இன்னொரு துணி, நல்ல அகலமாய்.

— குறுக்கே எண்டால், எப்பிடி ஐயா?

— உதென்ன கேள்வி? றோட்டிலை இருந்து நீட்டுக்கு ஒண்டு. அது முடியிற இடத்திலை, மதிலுக்கு முன்னாலை, ரெண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு இன்னொண்டு.

— ரெண்டும் வெள்ளை.

— பின்னை? சிவப்பிலையோ விரிக்கிறது?

— என்ன தங்கச்சி, முகம் ஒரு மாதிரிப் போச்சு? தண்ணி தரட்டோ?

— வேண்டாம் அக்கா. அண்ணை லீவிலை வந்தால் அம்மாவின்ரை வெள்ளைச் சீலை ரெண்டை எடுத்து முத்தத்திலை விரிப்பார். நீட்டுக்கு ஒண்டு, அது முடியிற இடத்திலை குறுக்கே ஒண்டு. அம்மா மண் பிரளுதெண்டு பேசுவா. என்னைக் கதிரையிலை ஏத்தி, கையை விரிக்கச் சொல்லி, நீதான் ஏரோப்பிளேன் எண்டுவார். மேலை இருந்து வெளியளிலை இந்த அடையாளத்தைக் கண்டால் ஏரோப்பிளேன் இறங்கிறதுக்கு ஆக்கள் பாத்துத் துப்புரவாக்கி வச்ச இடம், வேறை இடம் தேடப்படாது, நீட்டுத் துணிக்குப் பக்கத்தாலை குறுக்குத் துணியைப் பாத்து இறங்கவேணும் எண்டு சொல்லித் தருவார். நான் துணியை மிதிச்சால் திரும்ப ஏத்தி விடுவார்.

— விசர்க்கதை. கலியாணத்துக்கு விரிச்ச துணியைப் பாத்து ஆரும்... சிவக்கொழுந்து, உவ என்ன சொல்லுறா?

— எனக்கு விளங்குது. உங்களுக்கும் விளங்குது. படலையிலை இருந்து விரிச்சாக் காணுமெண்டு என்ரை அப்பா சொன்னவர். தங்கச்சி, கல்லு வயலுக்குள்ளை வேண்டாம். படலையடியிலை வையுங்கோ, இவருக்குக் கால் கழுவ இருந்த இடத்திலை. ஒப்பம் இப்ப வைப்பார். வசனம் என்னெண்டு சொல்லுங்கோ, இவரும் கேக்கட்டும்.

— வசனம் இல்லாமல்தான் அக்கா வந்தனான், இப்ப கிடைச்சிட்டுது. ஐயா, அண்ணை மொக்கன் இல்லை. உங்கடை துணி சொன்ன இடத்திலை, சொன்னபடி இறங்கினவர்.