இனிப்பு பத்தலை

— அதுக்கு எம் மேல ஏன் பாயுதிய? பால்கோவா கிண்டுனது நானா, நீங்களா?

— கிண்டுனது நாந்தான். என் நாக்கைக் கெடுத்தது நீ. இருபத்திரெண்டு வருசமா வில்லிபுத்தூர்ல அடுப்பு முன்னால நிக்கேன், செல்வி. பால்ச்சாமி கைன்னா அது பால்ச்சாமி கைதான்னு மொதலாளியே வெளியூர்க்காரங்ககிட்டச் சொல்லுவாரு. இன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னாலயும் "அண்ணாச்சி, நீங்க வீட்டுக்குப் போங்க"ங்காரு. பகல் பதினோரு மணிக்கு! பஸ்ஸுல ஒருத்தன் கேக்கான், லீவான்னு. என்னத்தச் சொல்ல?

— வைகுண்டராஜ் மொதலாளி என்னதான் சொன்னாரு? ஒழுங்காச் சொல்லுங்க.

— இனிப்பு தொண்டையைக் கரிக்குதாம். மூணு நாளாக் கடைக்காரங்க பெட்டி பெட்டியாத் திருப்பி அனுப்பிட்டாங்க. நாளைக்குக் காலையில ஒரு சட்டி நான் தனியாக் கிண்டணும். அவரே வாயில போட்டுப் பாப்பாராம். சரியா இருந்தா அடுப்புல நிப்பேன். இல்லன்னா பொறவு கரண்டி சிவபாண்டி கைக்குப் போயிரும். நான் பெட்டியை மடிச்சு நூல் கட்டணும். நேத்து வந்த பய அவன்!

— அளவுதான் இருக்குல்ல? பத்து லிட்டர் பாலுக்கு ஒண்ணேகால் கிலோ சீனின்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவிய. எடை போட்டுக் கொட்ட வேண்டியதுதான?

— கேட்டியா! பாலு என்ன, மிசின்லயா வருது? ஒருநாள் கெட்டியா இருக்கும், ஒருநாள் தண்ணியா இருக்கும். முக்காவாசிச் சீனியைப் போட்டுட்டு, வத்தி வரும்போது கரண்டி நுனியில தொட்டு நாக்குல வச்சுப் பாத்துத்தான் மிச்சத்தைத் தூவணும். எம்புட்டுத் தூவணும்னு நாக்குதான் சொல்லும். இப்ப அது பத்தல பத்தலங்குது. நானும் போடுதேன்.

— எம்புட்டுப் போட்டிய?

— நேத்து ரெண்டு கிலோ.

— அய்யய்யோ!

— அப்பவும் எனக்கு வெறும் பாலை வத்தவச்சது மாதிரிதான் இருந்துச்சு. எல்லாம் நாலு மாசமா நீ குடுத்த கருப்பட்டிக் கேக்கு பண்ணுன வேலை. சீனி டப்பாவையே கண்ணுல காட்டாம வச்சேல்ல? இனிப்புன்னா என்னன்னு நாக்குக்கு மறந்துபோச்சு.

— போதும் சாமி, வாய்க்கு வந்ததைப் பேசாதிய. சுகர் முந்நூறுன்னு ரிப்போர்ட் வந்தது எனக்கா? பாதம் எரியுதுன்னு வாளித் தண்ணியில காலை விட்டுக்கிட்டு உக்காந்திருந்தது நானா? டாக்டர் இனிப்பை நிப்பாட்டுங்கன்னாரு. கேக்கு இல்லாம எனக்கு டீ இறங்காதுன்னு சின்னப்புள்ள கணக்கா அடம் புடிச்சது யாரு? அதுக்குத்தான நான் இந்தப் பாடு படுதேன்.

— கருப்பட்டியும் சீனி மாதிரிதான், அளவாத்தான் திங்கணும்னு அதே டாக்டர்தான் சொன்னாரு.

— சொன்னாரு. அதான் கருப்பட்டியையும் பாதியாக் குறைச்சேன். பேரீச்சம்பழத்தை ஊறவச்சு அரைச்சுப் போட்டேன். மைதாவை விட்டுட்டுக் கேப்பை மாவுக்கு மாறுனேன். நாளுக்கு ஒரு துண்டுன்னு எண்ணி வெட்டி வச்சேன். அது என்ன லேசுப்பட்ட காரியமா? சீனின்னா வெண்ணெயோட போட்டு அடிச்சா நுரைச்சு வரும், கேக்கு தன்னால எந்திரிக்கும். கருப்பட்டி நுரைக்குமா? அதைக் காய்ச்சி, மண்ணு போக வடிகட்டி, ஆறவச்சு ஊத்தணும். பாலைக் குறைக்கலன்னா நடுவுல களியாக் கெடக்கும். குறைச்சாலோ ஓரமெல்லாம் ஓடு. ஓவன்ல சூடு கொஞ்சம் கூடுனாப் போதும், மேல கருகிரும், உள்ள பச்சை மாவு. எத்தனை கேக்கைக் கொட்டுனேன் தெரியுமா?

— ஏன் தெரியாது? ஒண்ணை நாந்தான் தெருநாய்க்குப் போட்டேன். மோந்து பாத்துட்டு என்னைய ஒரு பார்வை பாத்துச்சு பாரு!

— சிரிங்க, நல்லாச் சிரிங்க. ராஜபாளையம் பூராவும் என் கேக்குதான் பொறந்தநாளுக்கு வெட்டுதாவ. மம்சாபுரத்துல இருந்து டீச்சர்மாரு பஸ்ஸேறித் தேடி வாராவ. இந்த வீட்டுல மட்டும் நாலு மாசமா ஒரு நல்ல வார்த்தை கிடையாது. ஒருநாள் மண்ணு, ஒருநாள் புண்ணாக்கு. சேத்தூர் வரைக்கும் போயி நல்ல கருப்பட்டியாப் பாத்து வாங்கியாந்தேன். அதையும் சப்புன்னு இருக்குன்னிய. எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல?

— சப்புன்னு இருந்தா சப்புன்னுதான சொல்லமுடியும்? என் வேலையே போகப்போகுது, நீ கேக்குக்கு மார்க் கேட்டுக்கிட்டு நிக்க. இந்தத் தட்டுல இருக்கது இன்னைக்குச் செஞ்சதா?

— ஆமா. காலையில நீங்க போன பொறவு செஞ்சது. தின்னுட்டுத்தான் சொல்லுங்களேன்.

— ம். மெத்துன்னு இருக்கு. இம்புட்டு நாள்ல இப்படி வந்ததே இல்ல. கை தேறிட்ட.

— மெத்துன்னு இருக்கது கெடக்கட்டும். இனிப்பு?

— அதான் இல்லையே.

— விளையாடாதிய.

— இருக்க எரிச்சல்ல விளையாட்டு ஒண்ணுதான் கொறச்சல். இந்தா பாரு, எனக்கு ஒரே ஒரு உதவி செய். நாளைக்கு நான் கிளம்புறதுக்கு முன்னால, சீனி போட்டு ஒரு கேக்கு செஞ்சு குடு. நல்ல வெள்ளச் சீனி. ஒரு துண்டு உள்ள போனா நாக்குக்குப் பழைய நெனப்பு வந்துரும். அது மட்டும் வந்துட்டா, சிவபாண்டி என்ன, அந்த மொதலாளியே எங்கூடப் போட்டிக்கு வந்தாலும் நான் கிண்டி ஜெயிச்சுருவேன்.

— ஏங்க, இனிப்பைக் குறைச்சா நாக்கு மறக்காதுங்க. சுகர் பாக்கப் போனப்ப நர்ஸம்மா சொன்னாவ, ஒரு மாசம் சீனியை விட்டாப் போதும், வெறும் பாலு கூட இனிக்கும்னு. உங்களோட சேந்து நானும்தான விட்டேன்? எனக்கு இப்பக் கேரட்டு இனிக்கு. போன வாரம் நீங்க கொண்டாந்த கோவாவை ஒரு விள்ளல் வாயில வச்சேன், முழுங்க முடியல. உங்களுக்கும் அப்படித்தான இருக்கணும்?

— அப்ப என் நாக்கு மட்டும் எடக்குப் பண்ணுதாக்கும்? அந்த நர்ஸம்மாவையே வந்து பால்கோவா கிண்டச் சொல்லு. ஊருல இருக்க அம்புட்டுப் பேருக்கும் என் நாக்கைப் பத்திப் பேச்சு! மொதலாளி பேசுதாரு, கடைக்காரன் பேசுதான், இப்ப நீ.

— கோவப்படாதிய. செத்த இருங்க, தண்ணி தாரேன். வாயை நல்லாக் கொப்பளிங்க.

— எதுக்கு?

— கொப்பளிங்கன்னா கொப்பளிங்க. ம். இப்ப இன்னும் ஒரு விள்ளல் வாயில வைங்க. முழுங்க வேண்டாம்.

— என்னட்டி இது? நாளுக்கு ஒரு துண்டுன்னு எண்ணிக் குடுக்கவ, இன்னைக்கு நீயே ஊட்டுத.

— பேசாம மெல்லுங்க. மெதுவா. ஏதாவது தெரியுதா? லேசாவாச்சும்?

— வெண்ணெய் தெரியுது. ஏலக்கா வாசம் தெரியுது. முட்டை வாடை கொஞ்சம். கருப்பட்டி வாசத்தைத்தான் காணோம்.

— இனிப்பு?

— ஒரு பொட்டு கூட இல்ல. இருந்த கொஞ்சத்தையும் குறைச்சுட்டியாக்கும்?

— துப்பிருங்க.

— இப்பத்தான் மெல்லுன்ன.

— துப்புங்கன்னு சொல்லுதேன்ல! நேத்து கோவா வத்தும்போதும் இப்படித்தான் இருந்துச்சா? ஒண்ணுமே தெரியலையா?

— அதைத்தான வந்ததுல இருந்து தொண்டை கிழியச் சொல்லிக்கிட்டு இருக்கேன். ஏட்டி... எதுக்கு அழுவுத? கேக்கைக் குறை சொன்னதுக்கா? நல்லாத்தான் இருக்குட்டி. மெத்துன்னு இருக்குன்னு மொதல்லயே சொன்னேன்ல? வேலை போனாப் போயிட்டுப் போகுது, பெட்டி கட்டியாச்சும் பொழைச்சுக்கிடுவோம். அழாத.

— கேக்குக்கு அழுவலைங்க. காலையில பாதியைத் தட்டுல வச்சுட்டுச் செங்கல்லு மாதிரி இருக்குன்னுட்டுப் போனியல்ல, எனக்கு ஆத்திரம் தாங்கல. போய்த் தொலையட்டும், நாலு மாசமாக் கேக்கதையே செஞ்சு குடுப்போம், இன்னைக்குத்தான் இது கேக்குன்னு இந்த மனுசன் வாயால சொல்லட்டும், அப்பறம் நாலு கேள்வி நறுக்குன்னு கேப்போம்னு இருந்தேன். கருப்பட்டியை நான் தொடவே இல்லங்க. இப்ப நீங்க தின்னது முழுக்க வெள்ளச் சீனி.