செவப்பு நட்சத்திரத்துல செத்த தொரை

— தாடி வெச்சா மூக்குமா அண்ணாத்தே மாறிப்பூடும்?

— யாரு, சேக்காட்டு பொன்னியம்மாவா? இன்னா, இன்னிக்கி பட்டாள டிப்போல மூட்டை தூக்கப் போவலியா? கொட்டாய் தொறக்க இன்னும் பொழுது கீதே.

— டிக்கெட்டுக்கு வர்ல. கதை சொல்ற கங்காதரன் உன்னைக் கேக்கத்தான் வந்தேன். வாரம் ஒரு துண்டா ஓடற அந்த ஆகாசக் கப்பல் படத்துல, போன வாரம் தொரை செத்தாரா இல்லியா?

— அது வந்து...

— நாங்க அத்தினி பேரும் பாத்தமே! செவப்பு நட்சத்திரத்துல கப்பல் வெடிச்சிது. கூட்டாளிங்க கல்லைக் குவிச்சி பொதைச்சானுங்க, தொப்பியக் கயட்டினானுங்க. இந்த வாரம் எவனோ ஒரு தாடிக்காரன் வரான். நீ தகரக் குழாய வாயில வெச்சிகினு, ‘இதோ நம்ம தொரை தாடி வளத்துகினு வந்துட்டாரு’ன்ற! தொரை பனைமரம். இவன் குள்ளன்.

— இங்கிலீசு படம்மா. அவங்க பேசறது உனக்குப் புரிஞ்சிதா?

— உனக்குப் புரிஞ்சிதா?

— ...புரியாதுதான். மூஞ்சப் பாத்து நானா கட்டி வுடறதுதான்.

— கட்டி வுடு, யாரு வேணான்னா? கப்பலத் தொங்க வுட்ட கம்பி பளிச்சினு தெரியுது, நா கேட்டனா? பல்லி மூஞ்சி ராசா கோணிச்சாக்குல சட்டை போட்டுகினு வரான், அதயாவது கேட்டனா? செத்தவனை எழுப்பறியே, அதான் பத்திகினு வருது. தொரைசானி கையில தாடிக்காரன் தொரையோட தொப்பியக் குடுக்கறான். அவ அழுவறா. நீ ‘சந்தோசத்துல அழுவறா’ன்ற. அடப்பாவி, அது சந்தோசத்துல அழுவற மொகமா?

— ஊரு நெலம தெரியாம பேசாத தங்கச்சி. பொம்பளைங்க பக்கம் பாதி பேரு ஊட்டுக்காரன் பர்மா சண்டைல கீறான். போன வாரம் ‘செத்துட்டாரு’ன்னு சொன்னேன், ஒரே ஒப்பாரி. மொதலாளி ‘இது கொட்டாயா, எழவு ஊடா’ன்னு ஏறிட்டாரு. அதான் எழுப்பினேன்.

— அழுதா இன்னா? நல்லாத்தான இருந்திச்சி.

— நல்லா இருந்திச்சா! உன் ஊட்டுக்காரரும் அங்கதான கீறாரு? தலை நெறைய பூ வெச்சிகினு வந்து சாவு கேக்கற. நாக்குல சனியா?

— பூவு மாமியா வெச்சது. ‘எம் புள்ள வர நேரம், வெறுந்தலையோட நிக்காதே’ன்னு தெனம் வெச்சி வுடுது.

— அந்த மவராசிக்குத் தெரியுது, உனக்குத் தெரியலியே.

— அது கொட்டாய்க்கு வராது. இன்னிக்கி ஆட்டத்துல உள்ளதச் சொல்லு. தொரை செத்துட்டாரு, தாடிக்காரன் சேதி சொல்ல வந்தவன். அவ்ளோதான்.

— சொன்னா என் பொழப்பு பூடும். போ பொன்னியம்மா, எனக்கு வேல கீது. நெழலப் பாத்து இம்மா ஆத்திரமா?

— எனக்கும் ஒரு தாடிக்காரன் வந்தான் அண்ணாத்தே.

— இன்னா?

— போன மாசம், டிப்போ கேட்டாண்ட. அவரோட பட்டாளத்துல இருந்தவன். கையில தொப்பிகூட இல்ல.

— ஐயோ... மாமியாவுக்கு?

— சொல்லல. மூத்த புள்ளயப் பேதில வாரிக் குடுத்துட்டு, இவரு ஒருத்தருக்காகத்தான் அது கஞ்சி குடிக்குது. ஒத்த ரூம்பு ஊடு. முக்காட்டப் போத்திகினு கூட மொனக முடியாது. நீ உள்ளதச் சொல்லு, கொட்டாயே அழுவும். அந்தச் சத்தத்துல நானும் அழுதுக்கறேன்.